வடிகலத்தை மின்சாரத்தில் இயக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உழவு இயந்திரத்தின் பற்றரிக்கும் சூரிய மின்தொகுதியின் பற்றரிகளுக்கும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது வன்னியில் பலருக்கும் தெரிந்ததே. கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் பற்றரியின் தகடுகளை நாளடைவில் கெடுத்துவிடும். ஆகவே, மின்சாரத்தில் இயங்கும் சிறிய வடிகலம் ஒன்றை வாங்கி வேண்டிய நீரை வீட்டிலேயே காய்ச்சி வடித்துக்கொள்ள நினைப்பது நியாயமான எண்ணம்தான். ஆனால், வடிகலத்தையும் கேத்தலையும் ஒன்றாக நினைத்து, கேத்தல் குத்திய இடத்திலேயே அதையும் குத்திவிட்டு வயலுக்குப் போய்விடுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கேத்தல் ஐந்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். வடிகலமோ நீரைக் கொதிக்கவைப்பதோடு நில்லாமல் முழுவதையும் ஆவியாக்க வேண்டும். ஒரு லீற்றர் நீரை அவ்வாறு ஆவியாக்க ஏறத்தாழ 0.7 அலகு மின்சாரம் தேவை. வீணாகும் சூட்டையும் சேர்த்தால், 750 வாற்றுக் கலம் நான்கு லீற்றரை வடிக்க நான்கு மணித்தியாலமும் போதாது. ஐந்து நிமிடத்தில் வெளிப்படாத தளர்ந்த இணைப்பு, இவ்வளவு நேரம் ஓடும்போது சூடேறும். சூட்டினால் தொடுகை மேலும் கெடும். அதனால் சூடு இன்னும் கூடும். குதையின் ஓட்டைகளைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பழுப்பேறியிருந்தால் அந்தக் குதை மாற்றப்பட வேண்டும். புதிய கலத்தை முதன்முறை இயக்கும்போது ஒரு மணித்தியாலம் கழித்துச் சுவிச்சை நிறுத்திச் செருகியின் வெளிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைத்திருக்க முடியாத சூடு இயல்பல்ல.

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. 750 வாற்றுக் கலம் ஏறத்தாழ 3.3 அம்பியரையும், 2000 வாற்றுக் கொயில் பூட்டிய பெரிய கலம் 8.7 அம்பியரையும் இழுக்கும். பெரிய கலத்தை மின்குமிழுக்கு இழுத்த 1/1.13 என்ற மெல்லிய வயரில் இணைப்பது தவறு. குதைகளுக்கென இழுத்த 7/0.67 என்ற தடித்த வயரில்தான் இணைக்க வேண்டும். வீட்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டிய குசினிக்கு எக்ஸ்ரென்ஷன் வயர் இழுத்து வேலை பார்ப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அந்த வயர் மெல்லியதாக இருந்தாலும், மிகுதியைச் சுருளிலேயே விட்டிருந்தாலும் உட்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகிவிடும். சுருளை முழுவதும் அவிழ்த்து, முறுக்கி ரேப் சுற்றிய ஒட்டு எதுவும் இல்லாத ஒரே துண்டு வயரையே பயன்படுத்துங்கள். நிலையாக ஓடப்போகும் கலமென்றால் குசினிக்குத் தனியாகக் குதை ஒன்று வைப்பித்துக்கொள்வதே சரி.

செருகியில் நடக்கும் தவறு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கலங்களில் சில நமது சதுர முள்ளுக் குதைக்குப் பொருந்தாத செருகியோடு வருகின்றன. பேனை மூடியாலோ ஈர்க்குத் துண்டாலோ எர்த் துளையை அழுத்தித் திறந்து, கீழிரண்டு துளைகளிலும் செருகியைத் திணிப்பார்கள். கலம் வேலை செய்யும். ஆனால், அதன் உலோக உடலுக்கு எர்த் கிடைக்காது. முட்களும் இறுக்கமாகப் பொருந்தாமல் பொறி தட்டும். அந்தச் செருகியை வெட்டிவிட்டு, மூன்று வயரும் சரியாகப் பூட்டிய 13 அம்பியர்ச் செருகியை மாட்டுவிக்க வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களிலும் புதிய வயர்களில் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் நிறங்களிலும் அவை இருக்கும். செருகிக்குள் இருக்கும் பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதை யாரும் செய்யக் கூடாது.

வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது, முழு நீரையும் ஆவியாக்கும் வடிகலத்தில் இன்னும் விரைவாகப் படியும். படிவு தடித்தால் கொயிலின் சூடு நீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கும். நாளடைவில் கொயிலின் உலோக உறை வெடிக்கும். வெடிப்பு வழியே ஈரம் புகுந்து மின்சாரம் கலத்தின் உடலுக்குக் கசியும். உடனே, கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் விழும். அது கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்கிறது; நாம்தான் அதைத் தொல்லையாக எண்ணுகிறோம். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் விழாது என்று யாரோ சொல்லிக்கொடுக்க, அப்படியே செய்துவிடுவோரும் உண்டு. கழற்றியபின் ட்ரிப் சுவிச் விழாதுதான். ஆனால் கசிவு நிற்கவில்லை. போகும் வழியில்லாமல் கலத்தின் உடலில் காத்திருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மூடியைத் திறப்பவரின் உடல்தான் அதற்கு அடுத்த வழி. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ட்ரிப் சுவிச் விழுந்தால் எர்த்தைக் கழற்றக் கூடாது, கலத்தைக் கழற்ற வேண்டும். படிவைத் தேசிக்காய்ப் புளியாலோ வினாகிரியாலோ ஊறவைத்து அடிக்கடி நீக்கிவந்தால் கொயில் நெடுநாள் உழைக்கும். கழுவும்போது செருகியைப் பிடுங்கியிருக்க வேண்டும், மின்முனைகள் இருக்கும் பகுதி நனையக் கூடாது.

ட்ரிப் சுவிச்சின்மீது 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 100 அல்லது 300 என்றிருப்பவை தீயைத் தடுக்க உதவலாம். ஆளைக் காக்கப் போதாதவை. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கை லைவ் வயரிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதனால் அறிந்துகொள்ள முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். எர்த் கம்பியைப் பொறுத்தவரை, ஆடி ஆவணிக் கோடையில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது மண்ணின் மின்தடை கூடிவிடுகிறது. மாரியில் நன்றாக இருந்த எர்த் கோடையில் பலவீனமாகலாம். கம்பியை ஈரம் தங்கும் பக்கத்தில் ஆழமாக இறக்கி, தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு எர்த்தை அளந்து பார்ப்பித்துக்கொள்ளுங்கள். இப்போதைய தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்ரிக்காதலால் அவற்றில் எர்த் வயரைக் கட்டுவதில் பயனில்லை.

நீர் வற்றினால் தானாக நிற்கும் வெப்ப அறுப்பி எல்லாக் கலத்திலும் இருக்க வேண்டும். அது பழுதானால் நேர்வயர் கொடுத்து ஓட்டக் கூடாது. அலுமினியப் பானையில் தண்ணீர் சூடாக்கும் கொயிலைத் தொங்கவிட்டு வடிப்பவர்களுக்கு அந்த அறுப்பியும் இல்லை, பானைக்கு எர்த்தும் இல்லை. அம்முறையை விட்டுவிடுவதே நல்லது. குளிர்விக்கும் நீர் சொட்டுமிடத்துக்குக் கீழே குதையை வைக்காதீர்கள். வயர் வழியே வழியும் நீர் குதைக்குள் போகாதபடி வயரைக் குதையின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி மேலே ஏற்றுங்கள். மின்வெட்டு வந்தால் சுவிச்சை நிறுத்திவிடுங்கள். ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் திரும்பினால், அறுப்பி பழுதான கலம் வற்றி எரியலாம். இடி மின்னல் நேரத்தில் செருகியைப் பிடுங்கியே வைத்திருங்கள்.

இந்தக் கலத்தில் மதுசாரம் வடிக்க எண்ண வேண்டாம். உரிமம் இல்லாமல் வடிப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அது ஒருபுறமிருக்க, மதுசார ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு பரவித் தேங்கி, வெப்பச் சுவிச்சின் சிறு பொறியிலேயே தீப்பிடிக்கும். நீருக்கெனச் செய்த கலத்தில் அதற்கான காப்பு எதுவும் கிடையாது.

யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் உலர்ந்த இடத்தில் நின்று காய்ந்த தடியால் வயரைத் தள்ளிவிடுங்கள். பிறகு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். மூச்சில்லையென்றால், அது வரும்வரை நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டிருங்கள். எழுந்து உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இருதயத் துடிப்பைப் பரிசோதிப்பிக்க வேண்டும்.