பல்லைக் கடிப்பது பொறுமை இல்லை: பொறுமை பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடியதும் நடப்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். முதலில் வந்த ஐந்தாறு வண்டிகள் இடது பக்கம் வரிசையாக நிற்கும். பின்னால் வரும் பைக் ஒன்று வலது பக்கம் ஏறி முன்னால் போய் நிற்கும். அதைப் பார்த்து ஓர் ஆட்டோ, அப்புறம் ஒரு கார். கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். ரயில் போய் கேட்டைத் தூக்கியதும் ரோடு முழுக்க வண்டிகள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும். ரயில் கடந்தது ஒரு நிமிடம், அந்தச் சிக்கல் பிரிய பத்து நிமிடம்.

அவசரப்பட்டால் சீக்கிரம் முடியும் என்று நம்புவதுதான் முதல் தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 15 நிமிடம் ஆகும், 50 கி.மீ. வேகத்தில் போனால் 12 நிமிடம். வழியில் ஒரு சிக்னலும் இல்லாமல் இருந்தால்தான் அந்த 3 நிமிடமும் மிஞ்சும். நம்மை முந்திக்கொண்டு போனவரை அடுத்த சிக்னலில் பக்கத்திலேயே பார்க்கிறோம், இல்லையா?

இரண்டாவது தவறைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் பல வருடம் நானே அதைச் செய்தேன். உள்ளே கொதிப்பதை அப்படியே விழுங்கிவிட்டு, அதற்குப் பொறுமை என்று பெயர் வைப்பது. காலை 8 மணி, ஸ்கூல் வேன் வர இன்னும் பத்து நிமிடம். சாக்ஸின் தையல் விரலில் உறுத்துகிறது என்று பிள்ளை அதைக் கழற்றி மறுபடி மாட்டுகிறது. நாம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, தாடை மட்டும் இறுகுகிறது. ‘இன்றைக்குப் பொறுமையாக இருந்தேன்’ என்று மனசுக்குள் ஒரு திருப்தி. சாயங்காலம் அதே பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதும், காலையில் விழுங்கியது அத்தனையும் வெளியே வருகிறது. டம்ளருக்கு இவ்வளவு திட்டா என்று பிள்ளைக்குப் புரிவதே இல்லை.

ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனதை உலுக்கும் படக்காட்சியைச் சிலருக்குக் காட்டி, முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்றார்கள். முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் தோலில் வியர்வை போன்ற அளவுகளைப் பார்த்தபோது, உடலின் பரபரப்பு கூடியிருந்தது. நெருப்பை மூடி வைத்தார்களே தவிர, அணைக்கவில்லை.

விழுங்குவதற்குப் பதில், சின்னதாக இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடலாம். “வேன் வந்துடும்னு எனக்குப் பதட்டமா இருக்கு கண்ணு, சாக்ஸை நான் விரிச்சுப் பிடிக்கிறேன், நீ காலை விடு.” இதில் திட்டும் இல்லை, நடிப்பும் இல்லை. வேலையும் நடக்கிறது.

அப்படியானால் கொட்டித் தீர்த்துவிட்டால் சரியாகுமா? அதுவும் தவறுதான். ‘கத்திட்டா மனசு லேசாயிடும்’ என்று நம்புகிறவர்கள் நிறைய. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டப்பட்டவர்களில் சிலர், தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். வேறு சிலர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. கொட்டித் தீர்ப்பது ஒரு வகையில் ஒத்திகை. அடுத்த முறை இன்னும் சுலபமாக வரும்.

ஒரு நாள் முழுவதையும் இடைவெளியே இல்லாமல் திட்டமிடுவதைப் பலரும் தவறாகவே பார்ப்பதில்லை. பொறுமையைக் குணம் என்று நினைக்கிறோம், ‘எங்க அப்பா மாதிரி எனக்கும் முன்கோபம்’ என்கிறோம். பாதி நேரம் அது கடிகாரம். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்து, 1973-ல் வெளியான ஆய்வு ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. மத போதகர்களாகப் பயிலும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் துவண்டு, இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ‘ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்களில் சிலர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றி. குணமுள்ளவர்கள்தான், நேரம் இல்லை. அதனால் கிளம்ப வேண்டிய நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள். பசியோடு இருக்கும்போதும் தூக்கம் கெட்டிருக்கும்போதும் பெரிய பேச்சை எடுக்காதீர்கள்.

பொறுக்கக் கூடாததைப் பொறுப்பதும் தவறுதான், இதில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. நெஞ்சு வலியை ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று பொறுக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் ‘பொறுத்தார் பூமி ஆள்வார், பொறுத்துப் போம்மா’ என்று சொல்லாதீர்கள். அவளுக்குத் தேவை 181 என்ற மகளிர் உதவி எண்ணும், கூட நிற்க ஓர் ஆளும்.

கடைசியாக ஒன்று. அடுத்தவர் மெதுவாகச் செய்வதற்குக் காரணம் இருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது. இதை நான் கற்றது அம்மாவிடம். அவருக்கு 71 வயது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லிக்கொடுத்தேன். காலிங் பெல்லை அழுத்துவது போல அழுத்துவார். தொட்டால் திறக்க வேண்டிய படம், அழுத்தியதால் டிக் விழுந்து நிற்கும். “லேசாத் தொடும்மா” என்பேன், மறுபடி அழுத்துவார். ஒரே வாரத்தில் மூன்று முறை “கொடும்மா, நானே அனுப்பிடுறேன்” என்று கையிலிருந்து போனை வாங்கிவிட்டேன். நாலாவது முறை அவரே, “விடுப்பா, உனக்கு நேரமாகுது” என்றார். அப்புறம் கேட்கவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

வயதானால் விரல் நுனி வறண்டுவிடும், தொடுதிரைக்கு அந்தத் தொடுகை சரியாக எட்டாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். லேசாகத் தொட்டபோதெல்லாம் ஒன்றும் நடக்காததால்தான் அவர் அழுத்திப் பழகியிருக்கிறார். இது தெரிந்ததும் என் எரிச்சல் பாதி போய்விட்டது. அடக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், போனைப் பிடுங்காமல் இருக்க. விரலை ஈரத்துணியில் லேசாக ஒற்றிவிட்டுத் தொடச் சொன்னேன். முதல் நாள் ஒரு படம் போக ஏழெட்டு நிமிடம் ஆனது.

இப்போது தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு போட்டோ வருகிறது. நேற்று வந்தது மொட்டை மாடித் தொட்டியில் துளிர்த்திருக்கும் கறிவேப்பிலைச் செடி. ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரலும் விழுந்திருந்தது.