பட்டினி கிடந்த மதுவமும் 50 பாகைச் சூடும்

சீனி தாராளமாக இருக்கும்வரை மதுவக் (ஈஸ்ட்) கலத்துக்குப் பெருகுவதே வேலை. அப்போது புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியம், எம்எஸ்என்2, எம்எஸ்என்4 என்ற இரு புரதங்களையும் கருவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கும். சீனி தீர்ந்தால் அந்தப் பிடி தளரும். இரண்டும் கருவுக்குள் போய், ஏஜிஜிஜிஜி என்ற டிஎன்ஏ எழுத்துத் தொடர் உள்ள பரம்பரையலகுகளை முடுக்கிவிடும். அவற்றில் டிபிஎஸ்1, கலத்தைச் சூட்டிலிருந்து காக்கும் திரெகலோசு என்ற சீனியைச் சேர்க்க உதவும். எச்எஸ்பி104 ஆக்கும் புரதம் சூட்டில் திரண்ட புரதங்களைப் பிரித்தெடுக்கும். பசிக்கென்று எடுத்த ஆயத்தம் சூட்டுக்கும் உதவுவது இதனால்தான். உயர்தர மாணவர்கள் இதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம்.

கொதித்தாறிய 100 மி.லீ. நீரில் 2 கிராம் சீனி, 1 கிராம் மாமைட் கரைத்து, உலர் மதுவம் ஒரு சிட்டிகை போட்டு, பஞ்சால் அடைத்து இரண்டு நாள் வையுங்கள். மூடியை இறுக்கினால் வாயு போத்தலை வெடிக்க வைக்கும். இது பட்டினிப் போத்தல். மூன்றாம் நாள் காலை இதே அளவில் புதிய கரைசல் செய்து, அதில் 95 மி.லீ. எடுத்து, பட்டினிப் போத்தலிலிருந்து 5 மி.லீ. சேர்த்து 5 மணித்தியாலம் விடுங்கள். இது தீனிப் போத்தல். பக்கெற் மதுவத்தை நேரே சோதித்தால் பயனில்லை, உலர்த்தும்போதே அதில் திரெகலோசு நிறைந்துவிடும்.

இரண்டிலும் 1 மி.லீ. வீதம் குழாய்களில் எடுத்து, வாய் அகன்ற பிளாஸ்கில் 50 பாகை நீரில் 15 நிமிடம் நிறுத்துங்கள். வெப்பமானியை நீரிலல்ல, வெறும் நீர் நிரப்பிய இன்னொரு குழாய்க்குள் வையுங்கள். உள்ளே சூடு ஏறச் சற்று நேரமாகும். ஒப்பிடுவதற்கு, ஒவ்வொரு போத்தலிலிருந்தும் சூடாக்காத குழாய் ஒன்றும் வேண்டும்.

ஆறவிட்டு 30 நிமிடம் கழித்து, 0.01 சதவீத மெதிலீன் நீலத்தைச் சம அளவு கலந்து 5 நிமிடத்தில் எண்ணுங்கள். செத்த கலம் நீலமாகும், உயிருள்ளது நிறமற்றிருக்கும். உடனே எண்ணினால் சாகப்போகிறவையும் நிறமற்றுத் தெரியும். அதிகம் தாமதித்தால் உயிருள்ளவையும் நீலமாகும். பட்டினிப் போத்தலில் கலங்கள் நெருங்கியிருக்கும், 10 மடங்கு ஐதாக்கி 200 கலங்கள் எண்ணுங்கள். தீனிக் கலங்களில் பெரும்பாலானவை நீலமாக, பட்டினிக் கலங்களில் பல நிறமற்று நிற்கும்.

திருகோணமலையில் இந்தச் சோதனை பிழையாகப் போவது பெரும்பாலும் கச்சான் வீசும் மாதங்களில்தான். அறை 36, 37 பாகைக்கு ஏறினால் தீனிக் கலங்களும் வெப்பப் புரதங்களை ஆக்கத் தொடங்கி, வித்தியாசம் சுருங்கிவிடும். போத்தலைத் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி 30 பாகையில் பிடியுங்கள். வேண்டுமென்றே இதைச் செய்து பார்க்கவும் செய்யலாம்: தீனிக் குழாய் ஒன்றைக் கன்னியாக் கிணற்று வெந்நீரைப்போன்ற 40 பாகைச் சூட்டில் 30 நிமிடம் வைத்துவிட்டு, பிறகு 50க்கு மாற்றுங்கள். நீலக் கலங்கள் குறையும்.