பெடல் வாங்கும்போது பிளாஸ்டிக்கா மெட்டலா என்று மட்டும் பார்க்காதீர்கள்

பிளாஸ்டிக் என்றாலே மட்டம், மெட்டல் என்றாலே உறுதி என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பலரும் கடைக்குப் போகிறார்கள். முதல் தவறே இதுதான். புது சைக்கிளோடு வரும் வழவழப்பான மலிவு பெடலைப் பார்த்துப் பழகியதால் வந்த எண்ணம் அது. கண்ணாடி இழை கலந்த நைலான் பெடல் வேறு ரகம். கல்லில் இடித்தால் அலுமினியம் மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், நைலான் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். விலையும் குறைவு.

உண்மையில் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஆக்ஸில், அதாவது பெடல் சுற்றும் அச்சுத் தண்டு. நல்ல நைலான் பெடலிலும் அது குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகுதான். அதனால் மேலே என்ன பொருள் என்பதற்கு முன், உள்ளே என்ன ஆக்ஸில், என்ன பேரிங் என்று கேளுங்கள்.

கடையில் பெடலைச் சுண்டிவிட்டு, நீண்ட நேரம் சுற்றினால் நல்லது என்று நம்புவதும் தவறு. தண்ணீரும் மண்ணும் புகாதபடி ரப்பர் சீல் போட்ட புதுப் பெடல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும். அதற்குப் பதிலாக ஆக்ஸிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே லொடலொட என்றால் வேண்டாம்.

அடுத்து முட்கள், அதாவது ஷூவைப் பிடித்துக்கொள்ள பெடலின் பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனைகள். கால் பிடிப்பைத் தருவது பெடலின் உடம்பைவிட இந்த முட்கள்தான். பெடலோடு சேர்த்தே வார்த்த பிளாஸ்டிக் முட்கள் நாளடைவில் மழுங்கிவிடும், மாற்றவும் முடியாது. நைலான் பெடல்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால், கழற்றி மாற்றக்கூடிய எஃகு முட்கள் உள்ளதாக எடுங்கள். அதிலும் அடிப்பக்கத்திலிருந்து திருகி ஏற்றியவை நல்லது. மேல்முனை கல்லில் அடிபட்டு நசுங்கினாலும், சாவி போடும் தலை மறுபக்கம் பத்திரமாக இருக்கும், கழற்றிவிடலாம். ஆனால் தினமும் ஆபீசுக்கு மென்மையான ரன்னிங் ஷூவில் போகிறவருக்கு நீளமான கூர் முட்கள் எதற்கு? அடிப்பாகத்தைக் கிழித்துவிடும். கால் வழுக்கினால் முன்னங்கால் எலும்பில் தோலையும் உரித்துவிடும். அவர்களுக்குக் குட்டை முட்களே போதும்.

எடையைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். நைலான், மெட்டல் இரண்டு வகையிலும் ஒரு ஜோடி பெரும்பாலும் 300 முதல் 450 கிராமுக்குள் வந்துவிடும். பாத அளவுக்கு ஏற்ற அகலம் அதைவிட முக்கியம்.

கடைசியாக, மாட்டும்போது நடக்கும் தவறு. அதிகச் செலவு வைப்பது இதுதான். இன்றைய சைக்கிள்களில் பெரும்பாலும் 9/16 அங்குல மரை. சில குழந்தைகள் சைக்கிளில் 1/2 அங்குலம் இருக்கும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஆக்ஸில் முனையில் எல், ஆர் என்று பொறித்திருப்பதைப் பார்க்காமல் ஸ்பேனரால் அழுத்தித் திருகினால், பெடல் மாட்டும் கை போன்ற அலுமினியக் கிராங்கின் மரை போய்விடும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். அப்புறம் ஸ்பேனரின் பிடி மேலே இருக்குமாறு வைத்து, சைக்கிளின் முன்பக்கம் நோக்கித் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் அப்படித்தான் இறுகும்.