உமிழ்நீர்ச் சுரப்பியில் நீர் கோத்த கட்டிகள்: நோயறிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதுக்குக் கீழேயோ அண்ணத்திலோ மெல்ல வளர்ந்த ஒரு வீக்கத்தை ஸ்கேன் செய்து, உள்ளே நீர் இருப்பது தெரிந்தவுடன், 'வெறும் நீர்க்கட்டிதான்' என்று மருத்துவரும் நோயாளியும் நிம்மதி அடைந்துவிடுவதுண்டு. மற்ற எல்லாத் தவறுகளுக்கும் இதுவே வேர் என்பது என் உறுதியான கருத்து. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுகளில் மிகவும் பரவலானதான மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமா, அதன் தீவிரம் குறைந்த வடிவில், பெரும்பாலும் சளி நிறைந்த பைகளாகவே வளர்கிறது. பல ஆண்டுகள் வலியின்றி இருந்தது என்பதும், முகத் தசைகளை இயக்கும் முகநரம்பு பாதிக்கப்படவில்லை என்பதும் அதை விலக்கப் போதிய காரணங்கள் ஆகா.

அடுத்த தவறு ஊசிப் பரிசோதனையில் நேர்கிறது. எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி ஆராயும் சோதனை, செய்யும்போது திரவம் வெளியேறி வீக்கம் சுருங்கிவிடுகிறது. கண்ணாடித் தகட்டிலோ சில நுரைச்செல்களும் (கழிவை விழுங்கி நுரைத்தாற்போல் தோன்றும் செல்கள்) சிதைந்த செல்களும் மட்டுமே தென்படுகின்றன. 'புற்றுச் செல்கள் இல்லை' என்று அறிக்கை வருகிறது. உண்மையில் அந்த ஊசி கட்டியின் சுவரைத் தொடவே இல்லை. திரவத்தை உறிஞ்சிய பின் எஞ்சியிருக்கும் தடிப்பைக் கையால் தொட்டுணர்ந்து, இயன்றவரை அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலுடன் அந்தத் திடப்பகுதியிலிருந்தே மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். 2018இல் வெளியாகி 2023இல் திருத்தப்பட்ட மிலன் அறிக்கை முறை (உமிழ்நீர்ச் சுரப்பி ஊசிப் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் முறை) இதில் தெளிவாக இருக்கிறது: சளியற்ற நீர் மட்டும் கிடைத்தால் அது 'நோயறியப் போதாத மாதிரி', சளி மட்டும் கிடைத்தால், செல்களே தென்படாவிட்டாலும், அது 'முடிவு கூற இயலாத மாறுபாடு' என்ற பிரிவில் சேரும். இரண்டையும் 'தீங்கற்றது' என்று எழுதுவதற்கு இடமில்லை.

தீங்கற்ற வகையான வார்த்தின் கட்டி என்று அவசரமாக முடிவுசெய்வதும் கவனத்துக்குரியது. புகைபிடிக்கும் வயதான ஆணுக்குப் காதுக்கு முன்னும் கீழும் அமைந்த பரோட்டிட் சுரப்பியின் கீழ்நுனியில், சில வேளைகளில் இருபுறமும், கலங்கிய பழுப்பு நிறத் திரவத்துடன் கட்டி வந்தால் அந்த ஊகம் நியாயமானதே. எனினும் நிணச்செல்களும் சிதைந்த திரவமும் மட்டும் போதா. அக்கட்டிக்கு உரிய ஆன்கோசைட் செல்களையும் (சிறுமணிகள் நிறைந்த பெரிய செல்கள்) காண வேண்டும். மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமாவிலும் நிணத்திசு செறிந்திருக்கலாம். மறுபுறம், ஊசி பட்ட பின் வார்த்தின் கட்டி அழுகி, அதன் செல்கள் செதிள்செல்களாக மாறிப் புற்றைப் போலத் தோற்றமளிப்பதும் உண்டு. செல்களின் சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனிலும் அது பளிச்சென்று ஒளிர்வதால், வேறு புற்றுக்காக ஸ்கேன் எடுத்தவர்களிடம் 'புற்று பரவிவிட்டது' என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லக்கூடும்.

வாய்க்குள் இருக்கும் சிறு சுரப்பிகளில் இடம் மிக முக்கியம். கீழுதட்டில் தோன்றும் நீலநிறக் கொப்புளம் பெரும்பாலும் சளித்தேக்கம்தான். அதே தோற்றம் அண்ணத்திலோ கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலோ மேலுதட்டிலோ வந்தால், கட்டி என்ற ஐயத்துடனேயே அணுக வேண்டும். கீறி வடியவிட்டுக் காத்திருப்பதும், வெட்டி எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதும் கூடா.

இருபுறப் பரோட்டிட்டிலும் பல நீர்ப்பைகள் இருந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையை மறந்துவிடக் கூடாது. தலைத்தோலில் அல்லது முகத்தோலில் முன்பு புற்று வந்த முதியவரிடம், பரோட்டிட்டுக்குள் இருக்கும் நிணக்கணுவுக்கு அது பரவி நீர்க்கட்டி போலக் காட்சியளிக்கலாம்.

பரோட்டிட் கட்டியைத் தோல்வழியே கீறித் துண்டெடுப்பதையும் தவிர்க்க வேண்டும். முகநரம்பு காயப்படலாம், கட்டிச் செல்கள் சிதறலாம். அறுத்தெடுத்த கட்டியை ஆராயும்போதோ, ஓரிரு துண்டுகளோடு நின்றுவிடாமல் சுவரின் தடித்த இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும், ஏனெனில் மெல்லிய பையின் ஒரு மூலையில் மட்டுமே புற்று இருக்கக்கூடும். ஐயம் நீடித்தால் எம்.ஏ.எம்.எல்.2 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளதா என்று பார்க்கும் சோதனை பெரிதும் உதவும். மாற்றம் காணப்பட்டால் அது மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமாவுக்கு வலுவான சான்று, ஆனால் காணப்படாததை வைத்து அந்நோயை விலக்கிவிட முடியாது. இவையெல்லாம் பயன்படுவதற்கு, வயது, கட்டியின் சரியான இடம், வளர்ந்த காலம், முன்பு ஊசி போட்டது, ஸ்கேனில் கண்டது ஆகியவற்றை மாதிரியுடன் செல்லும் படிவத்தில் மருத்துவர் முழுமையாக எழுதித் தர வேண்டும்.