ஆண்டுத் தியானம் முடிந்து வீடு திரும்பும் சிஸ்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் செட்டிநாட்டுப் பக்கத்துக் கன்னியர் இல்லங்களில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். பள்ளிக்கூடம் விடுமுறை. விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். காரைக்குடி, தேவகோட்டை வெயிலை விட்டுக் கொடைக்கானலுக்கோ வேறு தியான இல்லத்துக்கோ நாமும் கிளம்பிவிடுவோம். பெரியவர்கள் இதை இன்றும் 'ஞான ஒடுக்கம்' என்றுதான் சொல்கிறார்கள். இது அவரவர் விருப்பத்துக்கு விட்ட காரியம் இல்லை. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 663-ஆம் எண்ணில், துறவியர் ஆண்டுத் தியானத்தைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் முப்பது நாளுக்கு வகுத்த ஆன்மப் பயிற்சிகளை எட்டு நாளாகச் சுருக்கிச் செய்வது பல சபைகளின் வழக்கம்.

இருபத்தாறு வருடமாக நானும் போய் வருகிறேன். மனதைத் தொட்ட தியானங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஜூலை வரும்போது வீடு பழையபடியே இருக்கும். அதே முகம் திருப்பல், சாப்பாட்டு மேஜையில் அதே மௌனம். எங்கே தவறுகிறோம் என்பதற்கு எனக்கு விடை சொன்னது எங்கள் தெரு முனை ஊருணி. கோடையில் அதை நன்றாகத் தூர் வாரினார்கள். ஐப்பசி மழை கொட்டியும் தண்ணீர் நிற்கவில்லை, ஏனென்றால் மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலை யாரும் பார்க்கவில்லை. அது குப்பையும் கருவேலமுமாக அடைத்துக் கிடந்தது. எட்டு நாளும் நாம் ஆழமாகத்தான் தூர் வாருகிறோம். ஆண்டவருடைய அருள் நம்மிடம் வந்து சேருகிற வரத்துக்கால், கூடவே வாழ்கிற அந்த நாலைந்து சகோதரிகள். அதை அடைத்தே வைத்திருக்கிறோம்.

இருப்பதிலேயே பெரிய தவறு பையைக் கட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வீட்டில் ஒருவரோடு பேச்சில்லாமல் இருக்கும்போது, அதை அப்படியே விட்டுவிட்டுத் தியானத்துக்குக் கிளம்புவது. காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்கும்போது சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவரோடு சமாதானம் செய்துகொள் என்று இயேசு சொல்வதை மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் எத்தனை முறை வாசித்திருப்போம்! அவர் வைத்த வரிசையை நாம் மாற்றிவிடுகிறோம்.

நானே அதைச் செய்தேன். ஒரு இரவுச் சாப்பாட்டில், விடுதிக் கணக்கில் ஒரு ரசீது குறைகிறது என்று எல்லோர் முன்னாலும் ஒரு சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன். கேள்வி சரி, கேட்ட இடமும் தொனியும் தப்பு. அவர் எழுந்து போனார். நாலு மாதம் 'காலை வணக்கம்' தவிர வேறு பேச்சில்லை. அந்த மே மாதம் தியானத்துக்குப் போய் ஒரு நோட்டு நிறைய எழுதினேன். பாவசங்கீர்த்தனத்தில் 'கோபப்பட்டேன் சாமி' என்றும் சொன்னேன். மனது லேசாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு எப்படி லேசாகும்? அவரிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லையே. ஜூன் மாதம் காரைக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இடம்தான் கிடைத்தது. அமராவதிபுதூர் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கணக்கு கேட்டது என் தப்பு சிஸ்டர்" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாயைத் திறந்து சொன்னீங்களே, சரி" என்றார். அந்த வருடத் தியானம் எனக்கு அந்த பஸ்ஸில்தான் முடிந்தது.

பாவசங்கீர்த்தனம் என்கிற ஒப்புரவு அருட்சாதனம் நம்மைக் கடவுளோடு சேர்க்கிறது, திருச்சபையோடும் சேர்க்கிறது. ஆனால் மனம் புண்பட்ட சகோதரியிடம் போக வேண்டிய நடையை அது மிச்சப்படுத்தித் தராது. புறப்படுவதற்கு முந்தைய வாரமே போய்ப் பேசிவிடுங்கள். அதற்கு மனம் வரவில்லை என்றால், தியானத்தில் முதலில் கேட்க வேண்டிய வரம் அதுதான்.

அடுத்தது மௌனம். தியான மௌனம் கேட்பதற்காக இருப்பது, பேசாமல் தண்டிப்பதற்காக இல்லை. சிலர் எட்டு நாள் மௌனத்தை வீட்டுக்கும் எடுத்து வந்து, 'நான் இப்போது உள்ளே ஆழமாக இருக்கிறேன்' என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பக்தி போலத் தெரிவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் சபை வாடகைக்கு எடுத்திருக்கும் வீடு ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. அதே வீட்டில்தான் இருப்பார்கள், ஆனால் சமையலும் செலவும் தனி. இளம் தம்பதிக்குப் பொறுப்பு வர வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. படைப்பு என்கிற முன்னோர் வழிபாடு என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். நாம் செய்வது என்ன தெரியுமா? யாரும் சொல்லாமலே வேறு வைத்துக்கொள்கிறோம். அறைக்கு ஒரு பிளாஸ்க், அறைக்கு ஒரு போன், அவரவர் பள்ளிக்கூடம், அவரவர் நேரம். கூடிவர ஒரு படைப்பும் இல்லை. 1994-இல் துறவியரின் குழும வாழ்வு பற்றி உரோமை ஓர் ஆவணம் வெளியிட்டது. கூட வாழ்கிறவர்களின் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியாமலிருந்தால் அவர்கள் நமக்கு அந்நியர்களாகிவிடுவார்கள் என்று அதில் எச்சரித்திருந்தார்கள். அப்போது ஒருவர் கையிலும் இந்த போன் இல்லை.

தியானத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரும்பி வந்தபின் இரவுச் சாப்பாட்டுக்கு வரும்போதும் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இல்லத் தலைவிகளிடமும், பல இல்லங்களுக்குப் பொறுப்பான சபையின் மாநிலத் தலைவிகளிடமும் மரியாதையோடு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தியானத்தின் கடைசி நாளில் மாற்றல் கடிதம் கொடுக்காதீர்கள், கணக்குக் கூட்டத்தையும் அதோடு ஒட்டாதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்தே 'எனக்கு எந்த ஊரோ' என்று மனது அலைய ஆரம்பித்துவிடும், ஜெபம் போய்விடும். இரண்டாவது, பகிர்வு என்ற பெயரில் உள்ளத்தைத் திறக்கச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். சகோதரிகள் தாங்களாக நம்பி வந்து பேசலாம், அது அழகு. ஆனால் தங்களிடம் மனச்சான்றை வெளிப்படுத்தும்படி தலைவர்கள் எந்த விதத்திலும் தூண்டக்கூடாது என்று அதே சட்டத் தொகுப்பின் 630-ஆம் எண் தடுக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் பலர் கேட்கிறார்கள். கேட்கப்பட்ட இளம் சிஸ்டர் அதற்கப்புறம் வருடக்கணக்கில் வாய் திறப்பதில்லை.

மனம் வறண்டிருக்கும் நேரத்தில் பெரிய முடிவு எடுப்பதும் ஒரு தவறு. ஆறுதல் இல்லாத காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று இஞ்ஞாசியார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 'இந்த வீட்டில் இனி இருக்க முடியாது' என்று தியானத்தின் நடுவில் கடிதம் எழுதத் தோன்றினால், எழுதி மடித்து வைத்துக்கொண்டு ஆன்ம வழிகாட்டியிடம் பேசுங்கள்.

தியானம் முடிந்த கையோடு வேன் பிடித்து ஓரியூர் போவது நம் பக்கத்தில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் செம்மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டு, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறோம். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார். 1947-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. சாவுக்கு முந்தைய நாள், சிறையிலிருந்து, தன் சபைத் தோழர்களுக்குத்தான் கடிதம் எழுதினார். ஓரியூரில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. மூன்று அறை தள்ளி இருக்கும் சிஸ்டருக்கு நான் கடைசியாக மனம் விட்டு என்ன சொன்னேன் என்று யோசிப்பேன். அடுத்த முறை போகும்போது திரும்பும் வழியில் வேனில் பாட்டுப் போடாமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு வாருங்கள்.

பயணம் செய்ய முடியாத முதிய சிஸ்டர்களை மறந்துவிடுவதைப் பற்றிச் சொல்லவே மனது கஷ்டப்படுகிறது. ஐம்பது வருடம் சபைக்கு உழைத்தவர்கள், நாம் திரும்பி வரும் வரை சமையல்காரம்மாவோடு உட்கார்ந்திருப்பார்கள். வந்ததும் 'நல்லா இருந்துச்சு மதர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். தினம் அரை மணி நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தியானத்தில் எழுதிய குறிப்பை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய முதல் ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் வளவில் நாற்காலி போட்டு உட்காருகிறோம். ஒவ்வொருவரும் இந்த வருடம் வீட்டுக்காகச் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரும் திருத்திப் பேசக்கூடாது. இளையவர்தான் ஆரம்பிப்பார். நல்லது எது என்பதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று ஆறாம் நூற்றாண்டிலேயே புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவியருக்கு எழுதிய தன் ஒழுங்கு நூலில் எழுதிவைத்தார். அதே ஒழுங்கில், வாரச் சமையல் முறை மாறும்போது முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும் என்றும் இருக்கிறது. நாங்கள் பாதம் கழுவும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சமையல் முறைப் பட்டியலை அன்று மாலையே புதிதாக எழுதுகிறோம். பள்ளியில் என்ன பதவியில் இருந்தாலும் பெயர் இருக்கும். பேசி முடித்ததும் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். இந்த வருடம் பட்டியலில் முதல் வாரம் என் பெயர். கூடவே, அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டரின் பெயர்.