மாலை போட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? மனநோயும் வழிபாடும் குறித்துச் செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, காரைக்குடிக்கு அருகே தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். சாமி அறையில் திருநீறு வைத்திருந்த சம்புடத்துக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை செருகியிருந்தது. அதன் பத்துக் குழிகளில் ஒன்றுகூட உடைபடவில்லை. மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ மனநோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டு, கடையையும் குடும்பத்தையும் செம்மையாக நடத்தி வந்த மகனின் அட்டை அது. "மாலை போட்டாச்சு தம்பி, இனி முருகன் பாத்துக்குவான்" என்றார் ஆச்சி. சில நாட்களில் அந்த மகன் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து வீட்டின் வளவு முழுவதையும் கழுவத் தொடங்கினார். சிங்கப்பூரிலுள்ள உறவினர்களை அந்நேரத்துக்கு எழுப்பி, கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். வீட்டார் அதைப் பக்தி முற்றியது என்று எண்ணி மகிழ்ந்தனர். நோய் திரும்பிவிட்டது என்று அவர்களுக்குப் புரிந்தபோது மேலும் ஒரு வாரம் கழிந்திருந்தது.

விரதத்துக்காக மருந்தை நிறுத்துவதே இங்கே மிகுதியாக நிகழும் தவறு. லித்தியத்தில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பும். நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டே, வெயிலில் வியர்க்க வியர்க்க நடந்து, தண்ணீரையும் உப்பையும் குறைத்தால், இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகும். கை பலமாக நடுங்குவதும், வாந்தியும் பேதியும் வருவதும், நடை தள்ளாடுவதும் அதன் அறிகுறிகள். இவற்றை வழிக்களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. குன்றக்குடியில் கூடிக் காவடியோடு பழனிக்கு நடப்பவரானாலும், சபரிமலைக்கு மண்டல விரதம் இருப்பவரானாலும், ரமலான் நோன்பு நோற்பவரானாலும், ஒரு மாதம் முன்னதாக மருத்துவரைக் கண்டு, இன்னின்ன நாட்கள் விரதம், இத்தனை தூரம் நடை என்று சொல்லிவிட வேண்டும். மருந்து வேளையை மாற்றுவதா, அளவைக் கூட்டிக் குறைப்பதா, இந்த ஆண்டு நடையைத் தவிர்ப்பதா என்பதை அவர் சொல்வார். நோயாளிக்கு விரத விலக்கு அளிக்காத சமயம் எதையும் நான் அறியேன்.

அடுத்த தவறு எல்லாவற்றையும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரே மூட்டையில் கட்டுவது. இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் நிலைத்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காரணமின்றி நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் என்ற பயம் சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி இறங்குவது பதற்றத் தாக்குதல். இதய நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே அதற்கு அப்பெயரைச் சூட்ட வேண்டும். இல்லாத குரல் கேட்பதும், பிறர் தமக்குச் செய்வினை வைத்துவிட்டதாக அசையாமல் நம்புவதும் மனச்சிதைவில் காணப்படுபவை. அந்த நம்பிக்கைக்கு வீட்டாரும் துணைபோய், குறி கேட்டுச் 'செய்தவர்' பெயரையும் வாங்கி வந்துவிட்டால், நோயாளியின் ஐயம் ஊர்ப் பகையாகிவிடும்.

பக்தியின் சாயலிலேயே வரும் நோய் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பூசைக்கு முன் ஆறு முறை குளித்தும் தீட்டுப் போகவில்லை என்று ஏழாவது முறை கிணற்றடிக்குப் போகும் பெண்ணை, ஆசாரம் மிக்கவர் என்று நாம் பாராட்டுகிறோம். சன்னதியில் கைகூப்பி நிற்கும்போதே தெய்வத்தைப் பற்றி அருவருப்பான எண்ணமோ வசவோ தானாக எழ, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் கூசி, கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடும் இளைஞரைப் பக்தி குறைந்தவர் என்று ஏசுகிறோம். இருவருக்கும் இருப்பது எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்ற ஒரே நோயாக இருக்கலாம். அந்த எண்ணம் அவருடைய விருப்பம் அன்று. அவருக்கு எது மிகப் புனிதமோ அதையே அந்நோய் பற்றும். இங்கே நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பரிகாரம் கேடாகிறது. நூற்றெட்டு முறை சுற்றச் சொன்னால், எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று மறுபடி சுற்றுவார். "பாவமில்லை, போ" என்று குருக்கள் ஆறுதல் சொன்னால், மறுநாளும் அதே ஆறுதலைக் கேட்க வந்து நிற்பார். மருந்தும், அஞ்சும் காரியத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, கழுவவோ எண்ணவோ செய்யாமல் இருக்கப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. இது தெரிந்த குருக்களோ, பாதிரியாரோ, இமாமோ ஒரே முறை கனிவாகப் பதில் சொல்லி மருத்துவரிடம் அனுப்பிவிட்டால், பெரும்பகுதி உதவி செய்தவராவார்.

திருவிழாவில் சாமி ஆடுவதை நோய் என்று சொல்ல மாட்டேன். கொட்டுச் சத்தத்தோடு வந்து, வாக்குச் சொல்லி, திருநீறு பூசியதும் இறங்கி, மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு மருத்துவம் தேவையில்லை. விழாவும் கொட்டும் இல்லாத நாட்களில் வந்து, நாட்கணக்கில் இறங்காமல், உணவையும் உறக்கத்தையும் கெடுத்தால் அது வேறு. பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் தூங்காமல், குழப்பமாகப் பேசி, குழந்தையைக் குறித்து விபரீதமாக ஏதேனும் சொன்னால், வேப்பிலை அடிக்கக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியவர்களின் மனச்சோர்வு கண்ணில் படுவதே இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் கடல் கடந்தும் இருக்க, முகப்பையும் இரண்டாம் கட்டையும் பூட்டிவிட்டுப் பட்டாலை ஓரத்தில் ஒரு கட்டிலோடு காலம் தள்ளும் ஐயா, மனம் சரியில்லை என்று சொல்ல மாட்டார். வாயு, எரிச்சல், கை கால் குடைச்சல் என்றே சொல்வார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவதும், பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறுகள். பழக்கமாகிவிடக்கூடியவை அந்தத் தூக்க மாத்திரைகளே. மனச்சோர்வு மருந்துகள் போதைப் பழக்கம் ஏற்படுத்துவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால் பத்தாம் நாள் கைவிடுவதும், தேறியதும் தாமாகவே நிறுத்துவதும் கூடாது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் மறுபக்கமான தவறு, கோயிலால் ஒன்றும் ஆகாது என்று அறிவாளித்தனமாகத் தள்ளிவிடுவது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், சராசரியாக ஆறு வாரம், மருந்தின்றி அங்கே அமைதியாகத் தங்கியதிலேயே நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் பதிவு செய்தனர். கட்டாயமில்லாத இடம், சிறு சிறு வேலை, இகழாத மனிதர்கள் ஆகியவற்றுக்கு அவ்வளவு வலிமை உண்டு. மீதி நான்கு பங்குக்கு என்ன வழி என்பதையும் அதே கணக்கு கேட்கிறது. கட்டாயப்படுத்திய இடத்தின் கதையோ வேறு. இராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. அதே ஏர்வாடியில் பின்னாளில் துஆ எனும் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்குமாறு 'தவா-துவா' என்ற திட்டம் அரசு மருத்துவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. நேர்த்திக்கடனுக்காக ஒருவரை எங்கேனும் தங்கவைக்க விரும்பும் குடும்பம் மூன்றைக் கேட்டாக வேண்டும்: கட்டுவார்களா, அடிப்பார்களா, மாத்திரையை வேளைக்குக் கொடுக்க விடுவார்களா?

இனி, எல்லோரும் அறிந்தும் யாரும் பேசாத ஒன்று. நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையுள்ள ஒன்பது நகரக் கோயில்கள் வழிபாட்டிடம் மட்டும் அல்ல. மணமான தம்பதியர் 'புள்ளி' என்ற ஒரு குடும்பக் கணக்காகப் பதிவதும், பெண் கொள்வது கொடுப்பது தீர்மானமாவதும் அந்தக் கோயில் வழியேதான். ஆறுதல் தேட வேண்டிய கூட்டமே சம்பந்தம் பேசும் கூட்டமாகவும் இருப்பதால், "வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு வரன் அமையாது" என்ற அச்சத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது. மற்றச் சமூகங்களிலும் ஜமாஅத்திலும் கிறித்தவப் பங்கிலும் இதே நிலைதான். ஆனால் அச்சத்துக்காக முழுவதும் மூடி வைப்பதும், கலியாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து மணம் முடிப்பதும் இரண்டு குடும்பங்களைக் கெடுக்கும். பங்காளிகள் அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாய் காக்கும் ஒருவரை நோயாளியின் சம்மதத்தோடு தேர்ந்தெடுத்தால் போதும்.

அவரிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வது குறையே. மாதம் ஒரு முறை சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடன்வர ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பரிமாறும் வேலையை என் மகனுக்குக் கொடுங்கள், நான் ஒரு நாள் தூங்க நீங்கள் வந்து ஆயாவோடு (பாட்டியோடு) இருங்கள் என்று காரியமாகக் கேட்டால்தான் கேட்டவருக்கும் செய்ய வழி தெரியும். ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், அப்படிப் பேசுவது பாவம் என்று வாயடைக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. 2022 முதல் இயங்கும் அதில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.