வேலி யாருடையது? கதியால் நடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் இளகியதும் இலங்கையின் வன்னியில் வீட்டுக்கு வீடு அலவாங்கு (குழி தோண்டும் இரும்புக் கம்பி) வெளியே வரும். பட்டுப்போன கதியாலை, அதாவது உயிர்வேலிக்கு நடும் தடியை, பிடுங்கிவிட்டுப் புதியது நடவும், சரிந்த வேலியை நிமிர்த்தவும் அதைவிட நல்ல காலம் இல்லை. அயலவர்களுக்குள் வேலிச் சண்டை தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

வட்டக்கச்சியில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி. அது யாருடையது என்ற கேள்வியில் இரண்டு குடும்பமும் நான்கு வருடம் முகம் பார்க்கவில்லை. அதற்குள் அவர்கள் வீட்டில் ஒரு செத்தவீடு நடந்தது. பறைச் சத்தம் கேட்டபடி நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அது இன்றைக்கும் எனக்கு ஆறாத வேதனை. கடைசியில் சேர்வேயர் வந்து அளந்தபோது நாங்கள் சொன்ன கோடும் பிழை, அவர்கள் சொன்ன கோடும் பிழை. வேறு யாரும் இப்படி வருடங்களைத் தொலைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலிதான் எல்லை என்று நம்புவது

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். எல்லை என்பது காணி உறுதியிலும் (உரிமைப் பத்திரத்திலும்) நில அளவைப் படத்திலும் இருக்கும் கோடு. வேலி என்பது யாரோ ஒருவர் ஒரு நாள் கயிறு பிடித்து நட்ட மரங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

உயிர்வேலி நகரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கிளுவையோ பூவரசோ கிளிசரியாவோ, நடும்போது கைப்பிடி அளவுதான் இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் அடி பருத்து, ஒரு அடி அகலத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு கதியால் பட்டுப்போனால் அதே குழியில் இன்னொன்றை நடுவது கஷ்டம், பழைய கட்டை இடிக்கும். அதனால் ஒரு சாண் தள்ளி நடுவோம். எந்தப் பக்கம் தள்ளுவோம்? நாம் நின்று வேலை செய்யும் பக்கத்தில் மரக்கறிப் பாத்தி இருந்தால் மற்றவர் பக்கம். இப்படியே இருபது வருடம் போனால் வேலி இரண்டு அடி நகர்ந்திருக்கும். வேண்டுமென்றே வேலியை அரக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த வேலிகளில் பாதிக்கு மேல் யாரும் திட்டமிடாமலே அரங்கியவை. “உன் தகப்பன் களவெடுத்தவன்” என்று வாய் விடுமுன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு நிலத்துக்காகச் சண்டை என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். அரை ஏக்கர் வளவு என்றால் எட்டுப் பரப்பு, 80 பேர்ச். ஏறக்குறைய 200 அடிக்கு 109 அடி வரும். 200 அடிப் பக்கம் முழுக்க வேலி இரண்டு அடி நகர்ந்திருந்தால் போனது 400 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆக ஒன்றரைப் பேர்ச்சுக்கும் கொஞ்சம் குறைவு. அது சிறியதா பெரியதா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும், ஆனால் தொகை தெரிந்து பேசுவது நல்லது.

வரிச்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

வரிச்சு என்பது கதியால்களைப் பிணைக்கக் குறுக்கே கட்டும் தடி. “வரிச்சு எங்கள் பக்கம் கட்டியிருக்கிறது, ஆகவே வேலி எங்களுடையது” என்று ஒருவர் சொல்வார். “மேற்கும் தெற்கும் எப்போதும் எங்களுக்குத்தான்” என்று இன்னொருவர். ஊருக்கு ஊர் இப்படி ஒரு வழக்கம் சொல்கிறார்கள். முன்பு யார் அடைத்து வந்தார்கள் என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நிலம் யாருடையது என்பதை வரிச்சு சொல்லாது.

உண்மையில் பார்க்க வேண்டியவை மூன்று. வேலி முழுக்க ஒருவருடைய காணிக்குள் நிற்கிறதா? அப்படியானால் அது அவருடையது. மற்றவர் அதில் கொடி கட்டவோ கதியால் வெட்டவோ கேட்டுத்தான் செய்ய வேண்டும். எல்லைக் கோட்டிலேயே நிற்கிறதா? அப்படியானால் இருவருக்கும் பொது என்று எடுத்துக்கொள்வதே வழமை. உறுதியிலோ பழைய உடன்படிக்கையிலோ வேலியைப் பற்றி வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அது முந்தும். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல எல்லைக் கோடு தெரிய வேண்டும்.

உறுதியைப் பாதி வாசிப்பது

வீட்டில் உறுதி இருந்தால் பெரும்பாலோர் எத்தனை பரப்பு என்பதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள். நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். “வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னாரின் காணி” என்று இருக்கும் அந்த வரிகள்தான் முக்கியம். எல்லைகள் தெளிவாக இருந்து பரப்பளவு கொஞ்சம் ஒத்துவராவிட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைகளைத்தான் பெரிதாக எடுக்கின்றன. உறுதியில் நில அளவைப் படத்தின் இலக்கமும் காணித்துண்டின் இலக்கமும் இருந்தால் அந்தப் படத்தையும் எடுக்க வேண்டும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி கேட்கலாம். பக்கத்து வளவின் உறுதியையும் சேர்த்து வாசித்தால்தான் படம் முழுமையாகும். மனஸ்தாபம் வருவதற்கு முன்பு கேட்டால் அநேகமானவர்கள் காட்டுவார்கள்.

வன்னியில் இன்னொரு விஷயம். இரணைமடுவைச் சுற்றியும், விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கமும் உள்ள குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி பேர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. பேர்மிட் காணியில் “பத்து வருடம் ஆண்டேன், எனக்குச் சொந்தம்” என்ற கதை எடுபடாது, அரச காணிக்கு எதிராக அந்த உரிமை ஓடாது. அயலவர்கள் இருவர் தமக்குள் பேசி ஒரு துண்டை மாற்றிக்கொள்ளவும் முடியாது. எல்லைப் பிரச்சினை என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குத்தான் முதலில் போக வேண்டும். பேர்மிட்டுக்கு அடிப்படையான அளவை அங்கே இருக்கும்.

கூட்டுக் காணியில் வேலியை எல்லையாக்குவது

அப்பாவின் காணி மூன்று பிள்ளைகளுக்கு. ஒருவருக்குச் சீதனமாகப் “பிரிபடாத மூன்றில் ஒரு பங்கு” எழுதியாயிற்று. வசதிக்காக நடுவில் வேலி போட்டு ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். இந்த வேலி எல்லை அல்ல. பங்குறுதியோ நீதிமன்றப் பங்கீடோ நடக்கும்வரை வேலிக்கு இரண்டு பக்கமும் எல்லோருக்கும் பங்கு. சகோதரர்களுக்குள் வரும் வேலிச் சண்டையில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வேலியைப் பற்றிச் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, எல்லோரும் ஊரில் நிற்கும் ஒரு நாளாகப் பார்த்துக் காணியைப் பிரித்து எழுதுங்கள்.

பத்து வருடக் கணக்கை அரைகுறையாகச் சொல்வது

1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருடத்தைப் பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் வெறும் பத்து வருடம் இல்லை. தடையில்லாமல், தொடர்ச்சியாக, மற்றவருடைய உரிமையை ஏற்காமல் ஆண்டிருக்க வேண்டும். “அண்ணை, அந்த மூலையில் கொஞ்சம் வாழை வைக்கட்டோ” என்று கேட்டு வைத்த வாழை எத்தனை வருடம் நின்றாலும் கணக்கில் வராது. அது அனுமதியில் நின்றது.

போர்க்காலத்தில் விட்டுவிட்டு ஓடிய காணிகளுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் தன் காணி உரிமையைக் கேட்க முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக் கூடாது என்றது அது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் தந்தது. அந்த அவகாசம் முடிந்துவிட்டது. ஆகவே இடம்பெயர்ந்த காலத்தில் நகர்ந்த வேலி உங்கள் பிரச்சினையென்றால், ஊர்ப் பேச்சை நம்பாமல் காணி வழக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

கயிறு பிடித்துத் தாமே அளப்பது

2009 க்குப் பிறகு திரும்பி வந்தபோது பல வளவுகளில் வேலி என்று ஒன்றுமே இல்லை. எல்லைக் கற்கள் புல்டோசரில் போயிருந்தன, மண் அணை கட்டியிருந்தார்கள், எல்லைப் பனைகள் வட்டிழந்து நின்றன. நினைவை வைத்துத் தடி நட்டோம். அதைவிட வேறு வழி அன்றைக்கு இருக்கவில்லை. ஆனால் அன்று அவசரத்தில் நட்ட தடியை இன்று எல்லையாகப் பிடித்துக்கொண்டு நிற்பது சரியல்ல.

பதிவு பெற்ற சேர்வேயர் என்ன செய்வார் என்றால், பழைய படத்தை எடுத்து, அசையாத அடையாளங்களைத் தேடுவார். வாய்க்கால், மதகு, வீதி, பழைய கிணறு, இன்னும் மிஞ்சியிருக்கும் கல். அவற்றில் படத்தைப் பொருத்தி, கோடு எங்கே விழுகிறது என்று நிலத்தில் காட்டுவார். நாடாவைப் பிடித்து வேலியிலிருந்து வேலிக்கு அளக்கும்போது இது நடக்காது, நகர்ந்த வேலியையே மீண்டும் அளந்துகொண்டிருப்போம். சேர்வேயரை ஒருவர் மட்டும் கூப்பிட்டால் மற்றவர் நம்பமாட்டார். செலவைப் பாதி பாதியாகப் போட்டு, இருவரும் பக்கத்தில் நின்று அளப்பிப்பது மேல். எங்கள் வளவில் அப்படிச் செய்த பிறகுதான் பேச்சு அடங்கியது. கல் போட்டதும் அதை யாரும் அசைக்கக் கூடாது.

குழி தோண்டும்போது உலோகமாக ஏதாவது தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணியானாலும் தொடாமல், அந்த இடத்தை அடையாளப்படுத்திப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். அத்தோடு, பன்றியும் யானையும் வருகின்றன என்று வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுக்காதீர்கள். அது உயிரை எடுக்கும்.

வெளிநாட்டுக் காணிக்காரரை மறப்பது

பக்கத்து வளவுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். காணியைப் பார்க்கிறவர் அவருடைய மச்சான். மச்சானோடு பேசி வேலி போட்டுவிட்டு, கோடைக்கு அவர் வந்து நிற்கும்போது பிரச்சினை கிளம்பும். எல்லையை ஒத்துக்கொள்ளும் அதிகாரம் பார்க்கிறவருக்கு இல்லை, அற்றோணித் தத்துவத்தில் (தனக்காகச் செயற்பட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில்) அப்படி எழுதியிருந்தாலொழிய. காணிக்காரரை வீடியோ அழைப்பில் எடுத்துக் காட்டி, அவர் சரி என்று சொன்னதை எழுத்தில் வாங்கிய பிறகு நடுங்கள். சேர்வேயர் அளக்கும் நாளிலும் அவரை அழைப்பில் வைத்திருப்பது நல்லது.

நேராக மதிலுக்குப் போவது

கதியாலைப் பிடுங்கித் திருப்பி நடலாம், மதிலை முடியாது. எல்லை உறுதியாகுமுன் அத்திவாரம் வெட்டாதீர்கள். அத்திவாரம் மதிலைவிட அகலம் என்பதையும் நினைவில் வையுங்கள், மேலே உங்கள் கோட்டுக்குள் நிற்கும் மதிலின் கீழ்ப்பாகம் மற்றவர் காணிக்குள் போயிருக்கும். பிரதேச சபையின் அனுமதியையும் கேட்க வேண்டும். வேலியில் நிற்கும் பனையைத் தறிக்கவும் அனுமதி தேவை. மரம் யாருடையது என்றால், அடிமரம் எந்தக் காணியில் நிற்கிறதோ அவருடையது. சரியாகக் கோட்டில் நின்றால் இருவருக்கும்.

முதல் நாளே பொலிசுக்குப் போவது

பொலிசுக்குப் போனால் விஷயம் பெரும்பாலும் 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் நீதிமன்றம் போகும். அங்கே காணி யாருடையது என்று பார்க்கமாட்டார்கள். யார் ஆட்சியில் இருந்தது, கடந்த இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பலவந்தமாக வெளியேற்றினார்களா என்றுதான் பார்ப்பார்கள். அடிபிடி வரும் நிலை என்றால் அது தேவைதான். ஆனால் எல்லை எங்கே என்ற கேள்வி அப்படியே மிஞ்சும், அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் பேச வேண்டிவரும். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். பேச்சு முறிந்தால் முதலில் மத்தியஸ்த சபையைப் பாருங்கள். 1988 முதல் இருக்கும் ஏற்பாடு அது. சட்டத்தரணி தேவையில்லை, இருவரும் சம்மதித்தால் மட்டுமே தீர்வு எழுதப்படும்.

பேசி முடித்ததை எழுதாமல் விடுவது

கோடு தெரிந்த பிறகும் வேலியைப் பற்றி ஒரு தாள் வேண்டும். யார் அடைப்பது, செலவு எப்படி, தழையை ஆட்டுக்கு யார் வெட்டுவது, பட்ட கதியாலுக்குப் பதிலை எந்தப் பக்கம் நடுவது. கடைசிக் கேள்விதான் நான் முன்பு சொன்ன நகர்வை நிறுத்துகிறது. ஒன்று மட்டும்: இந்தத் தாளில் நிலத்தைக் கொடுக்க முடியாது. 1840 ஆம் ஆண்டிலிருந்தே காணி கைமாற நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும் என்பது சட்டம். “அந்த இரண்டு அடியை நீயே வைத்துக்கொள்” என்று கையெழுத்திட்ட கொப்பித்தாள் உறுதியாகாது.

எங்கள் தாளில் ஆறு வரி. கதியால் கோட்டில், கிழக்குப் பாதியை அவர்களும் மேற்குப் பாதியை நாங்களும் அடைப்பது, ஆவணியில் இருவரும் சேர்ந்து வெட்டுவது என்று போகும். கடைசி வரி கிணற்றடியில் ஒரு பொட்டு, அதாவது வேலியில் ஆள் போய்வர ஒரு இடைவெளி, விட வேண்டும் என்பது. அதை எழுதச் சொன்னவர் பக்கத்து வீட்டு அன்ரி. உரிமையாக இல்லை, வேண்டாம் என்றால் அடைத்துவிடலாம் என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். இந்த ஐப்பசியில் வேலி அடைத்தபோது அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடைத்தோம்.